மதகுச் சக்கரத்தில் ஒரு தொப்பி

ஒரு ஆளுக்கு மட்டும் அளவாகக் காபி போட எனக்கு இன்னும் கை வரவில்லை. எப்போதும் கூடிப்போகிறது. அதனால் நீங்கள் வந்தது நல்லதுதான், டெக்ஸ்டர். அந்தப் பதிவுக் கருவியை ஜன்னல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டி பழையது, நடுநடுவே உறுமும்.

குதிரைத் தொட்டியில் மீன் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். உங்கள் அம்மாவும் நானும் தேவாலயப் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். ஷெரீஃப் அலுவலகத்தில் என்ன எழுதுவீர்களோ தெரியாது, அம்மாவிடம் போய் எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள். அவளிடமாவது சரியாகப் போய்ச் சேரட்டும்.

முதலில் தொப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஓடையிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் இருக்கும் மதகை நீங்கள் பார்த்தீர்கள். மேலே இரும்புச் சக்கரம். இடப்பக்கம் சுற்றினால் பலகை ஏறி, தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். வலப்பக்கம் சுற்றினால் பலகை இறங்கி, தண்ணீர் ஓடையோடு போகும். வாய்க்கால் கொஞ்ச தூரம் ஓடி, மண்சாலைக்கு அடியில் ஒரு நீளமான இரும்புக் குழாய்க்குள் நுழைந்து, இந்தப் பக்கம் வந்து என் தம்பி வெண்டலின் குதிரைமசால் தீவன வயலுக்குப் பாய்கிறது. ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக் குழாய். பல்லால் மரம் அறுக்கிற பீவர்களுக்கு அந்தக் குழாயின்மேல் அப்படி ஒரு பிரியம். வில்லோ மரக் கிளைகளைக் கடித்து இழுத்து வந்து, உள்ளே சேற்றோடு சேர்த்து அடைத்து வைத்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது உள்ளே தவழ்ந்து போய்க் கட்டைகளை உருவி எடுக்கவேண்டும்.

நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது ஆஸ்கர் என்ற வேலையாள் அப்படி உள்ளே போயிருக்கிறான். அது தெரியாமல் அப்பா மதகைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அப்பா அதிகம் பேசாத மனிதராகிவிட்டார். பேசியது ஒரே ஒரு விதியைப் பற்றித்தான். குழாய்க்குள் போகிறவன் முதலில் மதகை மூடவேண்டும். பிறகு தன் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றி அந்தச் சக்கரத்தில் மாட்டவேண்டும். தொப்பி தொங்குகிற சக்கரத்தை எவனும் தொடக்கூடாது. கடவுளே வந்து தண்ணீர் கேட்டாலும் தொடக்கூடாது என்பார். பள்ளத்தாக்கில் மற்ற பண்ணைக்காரர்களும் அதையே பழக்கமாக்கிக்கொண்டார்கள். இந்த ஊரில் அடுத்தவன் வேலியைத் தாண்டினால் மன்னிப்பு உண்டு, தொப்பி தொங்கும் சக்கரத்தைத் தொட்டால் கிடையாது.

வெண்டலுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவன் என் இடுப்பில் வளர்ந்தான். சக்கரம் எட்டாத வயதில் அவனைத் தூக்கிப் பிடிப்பேன், அவன் தன் குட்டித் தொப்பியை மாட்டுவான். மாட்டிவிட்டுக் கையைத் தட்டுவான்.

அப்பா இறந்தபோது வயலும் பழைய தண்ணீர் உரிமையும் வெண்டலுக்கு வந்தன. வீடும் ஓடையும் ஓடைக்கரையும் எனக்கு. படுக்கையில் கிடந்த அப்பாவைக் கடைசிவரை துடைத்துப் போட்டது நான். வெண்டல் ஞாயிற்றுக்கிழமை வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, மாட்டு விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான். "அழகான பாகம் உனக்குத்தான் வந்திருக்கு" என்று ஊரே என்னிடம் சொன்னது. அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஓடை என்னுடையது, அதில் ஓடுகிற தண்ணீர் தம்பியுடையது. முதலில் வாய்க்கால் வெட்டியவனுக்கு முதல் தண்ணீர் என்பது நம் சட்டம். கொள்ளுத்தாத்தா வெட்டிய அந்த வாய்க்கால் வயலோடு போய்விட்டது. ஓடையில் உயிர்கள் இருக்கின்றனவா என்று சட்டம் கேட்பதில்லை. எனக்குக் கசந்தது. அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் கிடைத்ததை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவள் நான். மாடுகள் மிதித்துச் சேறாக்கிவைத்திருந்த கரைக்கு வேலி போட்டேன். நிழலுக்கு வில்லோ நட்டேன். ட்ரவுட் மீன் முட்டையிடுவதற்குச் சுத்தமான கூழாங்கல் வேண்டும். அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டி, முட்டிவரை குளிர்ந்த தண்ணீரில் நின்று கையால் பரப்பினேன். மதகிலிருந்து என் நிலத்தின் எல்லைவரை அந்த ஓடையின் ஒவ்வொரு கல்லும் என் கைபட்டது. மீன் வந்தது. மீனைத் தேடி நகரத்து ஆட்கள் வந்தார்கள். வாடகைக்குத் தங்கி, தூண்டில் போட்டு, பிடித்த மீனைத் திரும்பவும் தண்ணீரில் விட்டுவிட்டு, சந்தோஷமாகப் போனார்கள்.

வெண்டலுக்கு இது பெரிய வேடிக்கை. ஊர்க் காபிக்கடையில் நான் இருக்கும்போதுதான் ஆரம்பிப்பான்.

"எங்கக்கா தொழில் தெரியுமில்ல? மீன் வாயில ஊசியக் குத்துறது. ஒரு போட்டோ எடுக்கிறது. 'போயிட்டு வா ராசா'ன்னு திருப்பி விடுறது. இதுக்குக் காசு! நானும் என் மாட்டு வாயில ஊசியக் குத்திப் பாக்கலாம்னு இருக்கேன்."

"பேரு வேற வச்சிருக்காமே?" என்பார் பக்கத்துப் பண்ணை ஹெல்மர்.

"பின்ன? போன வாரம் ஒன்னுக்குச் சளி புடிச்சிருச்சு. ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு இருந்தா பாவம்."

"கஷாயம் வச்சுக் குடுத்தியாம்மா சிக்ரிட்?"

கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். பெயர் வைத்தது உண்மைதான், ஆனால் ஒரே ஒரு மீனுக்குத்தான். கரையோரக் காட்டன்வுட் மரத்து வேருக்கு அடியில் இருந்த பெரிய பழுப்பு மீன். தாடை முன்னால் தள்ளிக்கொண்டு, தீர்ப்பு சொல்லப் போவதுபோல இருக்கும். நீதிபதி என்று கூப்பிடுவேன். எந்தத் தூண்டிலிலும் அது சிக்கியதில்லை.

போன கோடை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மலையில் பனி நிற்கவில்லை. ஜூலையிலேயே காட்டுத்தீப் புகை வந்து பள்ளத்தாக்கில் உட்கார்ந்துவிட்டது. ஓடை மெலிந்துகொண்டே போனது. வெண்டல் மதகைப் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தான். ஆனால் ஒரு சாண் தண்ணீரை ஓடைக்கு விட்டிருந்தான். அந்த ஒரு சாணில்தான் என் மீன்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. மடுக்களில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அந்த ஒரு சாணையும் எடுத்துக்கொள்ளப்போகிறான் என்று ஹெல்மர் சொன்னார். வியாழக்கிழமை வயலுக்குப் போனேன். வெண்டல் வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு அடியில் படுத்துக் கிடந்தான். பூட்ஸ்தான் வெளியே தெரிந்தது.

"வெண்டல், திங்கக்கெழமலேர்ந்து முழுசா எடுக்கப்போறியாமே?"

"யாரு சொன்னா? மீனா?"

"வெளையாடாதடா. ஒரு சாண் விடு. அதுங்களுக்கு அது போதும்."

"அக்கா, ரெண்டாவது அறுப்பு காஞ்சிக்கிட்டு நிக்குது. இத விட்டா மாட்ட விக்கணும். மாட்ட வித்துட்டு நான் என்ன, உன் மீன மேய்க்கவா?"

"பாதி வயலுக்கு விடு. பாக்கிக்கு நான் வைக்கோல் வாங்கித் தரேன்."

"எங்க போயி வாங்குவ? ஊரே காயுது. ஆத்துல போற தண்ணிய அய்யா குடி ஆத்தா குடின்னு விடச் சொல்றியா? எம்பொண்ணு லோர்னா படிப்ப முடிச்சிட்டு இந்த நெலத்துக்குத்தான் வரப்போறா. அவ கையில கட்டாந்தரையவா குடுக்க?"

"அப்ப மீனு சாகட்டுங்குற."

"மீனுதானேக்கா. அடுத்த வருசம் வாங்கி விட்டுக்கலாம். லாரியில கொண்டாந்து கொட்டிட்டுப் போறான்."

கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்து, கையைத் துடைத்து, தன் மதியச் சாப்பாட்டு ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினான். "சாப்புடு, மூஞ்சி வத்திப்போச்சு" என்றான். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ரொட்டி நெஞ்சிலேயே நின்றது. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

சனிக்கிழமை காலையில் ஓடையின் சத்தத்தில் விழித்தேன். என் வீடு சாலைக்கு இந்தப் பக்கம், ஓடை அந்தப் பக்கம். ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் கேட்கும். பல வாரங்களாகக் கேட்காத சத்தம். கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடை நிறையத் தண்ணீர். வில்லோவின் தாழ்ந்த கிளைகளைத் தொட்டுக்கொண்டு ஓடியது. மீன்கள் மடுவிலிருந்து வெளியே வந்து எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தன. நீதிபதிகூட வேரைவிட்டு வெளியே வந்திருந்தது.

தம்பி மனம் மாறிவிட்டான் என்று நினைத்தேன். ஏன் நினைக்கக்கூடாது? சின்ன வயதில் என்னோடு சண்டை போட்டால், மறுநாள் காலை என் செருப்புக்குள் காட்டுப்பூவைச் செருகி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல நிற்பான். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் அப்பா இறந்த நாளிலிருந்து இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து இலவங்கப்பட்டை ரொட்டியைச் சுடவைத்தேன். பிளாஸ்க்கில் இரண்டு பேருக்குக் காபி ஊற்றினேன். மதகுப் பக்கம்தான் இருப்பான், நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று நடந்தேன்.

மதகில் அவன் பிக்கப் வண்டி நின்றது. சக்கரத்தில் தொப்பி தொங்கியது.

பக்கத்தில், புல்லின்மேல், கழியில் சுற்றிய ஆரஞ்சு நிறத் தார்ப்பாய் தயாராகக் கிடந்தது. தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ஓடைக்குக் குறுக்கே போட்டு, கல் வைத்து, ஒரு சொட்டுக்கூடக் கீழே போகாமல் தடுப்பதற்கு வைத்திருக்கும் தார்ப்பாய். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மனம் மாறவில்லை. குழாயில் பீவர் அடைத்துவிட்டது. அதை எடுப்பதற்காக மதகை மூடியிருக்கிறான். மூடியதால் தண்ணீர் ஓடைக்கு வந்திருக்கிறது. வேலை முடிந்ததும் தார்ப்பாயைப் போட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளப்போகிறான். திங்கட்கிழமைகூட இல்லை, இன்றைக்கே.

அப்போதுதான் பாட்டு கேட்டது. வரும்போது ஓடையின் சத்தத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்ததால் குழாய்க்குள்ளிருந்து சத்தம் அப்படியே மேலே வந்தது. வெண்டலுக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. தேவாலயத்தில் அவனை வாயை மட்டும் அசைக்கச் சொல்வோம். உங்கள் அம்மாவைக் கேளுங்கள், சொல்வாள். நான் வாய்க்காலில் குனிந்து கூப்பிட்டேன்.

"வெண்டல்!"

"அக்காவா? காபி கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேன்."

"நீதான்கா தெய்வம். இரு, இன்னும் ரெண்டு கட்டதான். முடிச்சிட்டு வந்து உன் மீனுங்களுக்கு டாட்டா சொல்லிரலாம்."

சிரித்தான். குழாய்க்குள் அந்தச் சிரிப்பு பெரிதாகக் கேட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தான்.

ஆகவே, அவன் உள்ளே இருந்தது தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். தொப்பியும் சொன்னது, அவனும் சொன்னான். அந்தத் தொப்பி மட்டும் இல்லாதிருந்தால், மதகு ஏன் மூடியிருக்கிறது என்று புரியாமல் காபியோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பேனோ என்னவோ. அப்பா நல்லதற்குத்தான் அந்த விதியை வைத்தார்.

முதலில் தார்ப்பாயைப் போட்டேன். எனக்குத் தெரியாத வேலையா? மதகுக்குச் சற்றுக் கீழே, கழியை ஓடையின் இரண்டு கரைக்கும் குறுக்கே வைத்து, பாயை மேல்பக்கமாக விரித்து, ஓரத்தில் கல் வைத்தேன். தண்ணீர் பின்னால் தேங்கி ஏறத் தொடங்கியது. நன்றாக ஏறும்வரை காத்திருந்தேன். சக்கரத்தைக் கடைசியில்தான் சுற்றினேன். முதலிலேயே சுற்றியிருந்தால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும். அவன் முழங்கால் நனைந்து, திட்டிக்கொண்டே பின்னால் தவழ்ந்து வெளியே வந்திருப்பான். அதில் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

தொப்பியைக் கழற்றி வேலிக் கம்பத்தில் மாட்டினேன். தரையில் வைத்தால் அழுக்காகிவிடும். பிறகு சக்கரத்தை இடப்பக்கம் நிற்கும்வரை சுற்றினேன். அவன் கேட்டது தண்ணீர். முழுவதையும் கொடுத்தேன். அவன் செய்யவிருந்த வேலையைத்தான் அவனுக்காகச் செய்து முடித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடுகிறதா என்று நின்று பார்த்தேன். ஆடவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. தார்ப்பாய் போட்டால் கீழே ஓடை வற்றும். அதுதான் அதன் வேலை. ஆனால் அந்த நேரத்தில் அது என் மனதில் ஏறவில்லை. காபியை எடுத்துக்கொண்டு கரையோரமாக வீட்டுக்கு நடந்தபோதுதான் கூழாங்கற்கள் மேலே தெரிவதைப் பார்த்தேன். காலையில் வந்த தண்ணீரை நம்பி மடுவைவிட்டு வெளியே வந்திருந்த மீன்கள். திரும்பிப் போக வழியில்லாமல் கல்லின்மேல் பக்கவாட்டில் கிடந்து துள்ளிக்கொண்டிருந்தன. நீதிபதி ஒரு கையளவு குட்டையில் முதுகு வெளியே தெரியக் கிடந்தது. அய்யோ, அய்யோ என்று வாய்விட்டுச் சொன்னேன். நான் அப்படிச் சத்தம் போடுகிறவள் இல்லை.

வாளிகளை எடுத்து வந்தேன். லாயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குதிரைத் தொட்டியில் ஊற்றுத்தண்ணீர் எந்நேரமும் விழுந்துகொண்டிருக்கும். நல்ல குளிர்ச்சி. அதில்தான் கொண்டுபோய் விட்டேன். பெரியவற்றை முதலில் எடுத்தேன். கையை நனைத்துக்கொண்டுதான் தொடவேண்டும், இல்லாவிட்டால் அதன் தோல் வெந்துபோகும். நகரத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சின்னவை நிறையப் போய்விட்டன. அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

தார்ப்பாயை எடுத்துவிட்டு மதகை மூடியிருந்தால் எல்லா மீனும் பிழைத்திருக்குமே என்றுதானே பார்க்கிறீர்கள்? பிழைத்திருக்கும். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

எல்லாம் முடித்துவிட்டு இந்த மேஜையில் உட்கார்ந்து காபியைக் குடித்தேன். இரண்டு பேருக்கான காபி. பிளாஸ்க் நல்லது, சூடு ஆறவில்லை. தபால் வண்டிக்காரர் சாலையில் தண்ணீர் வழிவதைப் பார்த்து, இறங்கிப் போய்க் குழாயை எட்டிப் பார்த்ததெல்லாம் பிறகு. நீங்கள் வந்தபோது தலைவலியோடு படுத்திருந்தேன் என்று சொன்னேன். தலைவலி இருந்தது உண்மை.

சாவு வீட்டுக்கு ஊரே வந்தது. ஹாம் ரொட்டியும் உருளைக்கிழங்குப் பலகாரமும் பச்சை ஜெல்லியுமாக இந்தச் சமையலறை நிறைந்துவிட்டது. தார்ப்பாய் போட்டிருந்தது, மதகு முழுக்கத் திறந்திருந்தது, தொப்பி கம்பத்தில் இருந்தது. ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. வெண்டல் ஒரு மணிநேரத் தண்ணீரைக்கூட இழக்க மனமில்லாமல், மதகை மூடாமலே, வாய்க்காலில் இறங்கி அடைப்பை இழுத்திருக்கிறான். தண்ணீர் அவனைக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டது.

"திங்கக்கெழம வரைக்கும்கூடப் பொறுக்கலியே. ஆச யார விட்டுச்சு" என்றார் ஹெல்மர், வாயில் ரொட்டியோடு.

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன். காபிக்கடையில் என் மீனைப் பார்த்துச் சிரித்த அதே வாய். இப்போது என் தம்பியின் பேராசையைப் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அது நிறைவாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

லோர்னா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தன் அப்பாவின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா மதக மூடாம எறங்க மாட்டாரு அத்த. தொப்பிய கம்பத்துல மாட்டவே மாட்டாரு."

"வயசாகுதில்ல கண்ணு. மறதிதான்."

"தொப்பிய மறக்க மாட்டாரு. என்னச் சின்னப்புள்ளயில தூக்கித் தூக்கி மாட்ட வச்சாரு."

பிறகு காற்று வாங்க வெளியே போனாள். குதிரைத் தொட்டியைச் சுற்றி வந்திருந்தவர்களின் பிள்ளைகள் நின்று ரொட்டித் துணுக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நீதிபதி ஒன்றையும் சீண்டாமல் அடியில் கிடந்தது. ஓடையில் சேறு தெளியட்டும், பிறகு விடலாம் என்று வைத்திருந்தேன்.

"அத்த, இதுங்க எப்ப இங்க வந்துச்சு?"

"ஓட காஞ்சப்ப எடுத்தாந்தேன்."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மீனைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு உண்மைதான் வரும். அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தக் கோடை முழுவதிலும் ஓடை ஒரே ஒரு காலைதான் காய்ந்திருந்தது. அந்தக் காலையில் நான் தலைவலியோடு படுத்திருந்ததாக ஊருக்கே தெரியும். படித்த பெண், கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது மாடுகளை விற்றுவிட்டாள். மதகை மூடியே வைத்திருக்கிறாள். ஓடை கரை நிறைய ஓடுகிறது, போகும்போது எட்டிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. நீங்கள் அளந்து பார்த்திருப்பீர்கள், அதனால் நானே சொல்கிறேன். ஓடையிலிருந்து லாயத்துக்குப் போகச் சாலையைத் தாண்டவேண்டும். தாண்டுகிற இடம் அந்தக் குழாய்க்கு நேர் மேலே. வாளியோடு ஒவ்வொரு நடையும் அதன் மேல்தான் நடந்தேன். முதல் நடையில் காலுக்கு அடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு படுகிற சத்தம், கட்டையை இழுக்க வைத்திருந்த கொக்கியாக இருக்கும். என்னைக் கூப்பிட்ட மாதிரியும் இருந்தது. அக்கா என்றுதான் கூப்பிட்டான். அடுத்த நடையில் கூப்பிடவில்லை, தட்டல் மட்டும். அதற்கடுத்ததில் அதுவும் இல்லை.

நின்று என்னவென்று பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு கையிலும் வாளி இருந்தது, டெக்ஸ்டர். வாளிக்குள் மீன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஒரு உயிர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற மனசு எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.